தும்மலுக்குப் பின் அடித்த முரசு

முரசு முழங்கியபோது அரசர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, இரண்டு முறை தும்மியும் முடித்திருந்தார். சபையில் பாதிப்பேர் எழுந்தார்கள். மீதிப்பேர், உட்கார்ந்திருப்பவருக்காக எழுவது மரியாதையா அவமரியாதையா என்று தெரியாமல் நடுவாக்கில் குனிந்து நின்றார்கள்.

"இது மூன்றாவது முரசுக்காரன்" என்றார் அரசர்.

மணலூர் நாட்டை விசயாங்கன் என்ற அந்த அரசர் ஆண்ட நாளில், பதினைந்து நாளுக்கொரு முறை அரசவையே திருத்தச் சபையாகக் கூடும். நடந்த பிழையை அங்கே வைத்து அலசுவார்கள். அலசல் எப்போதும் ஓர் ஆளில் போய் முடியும். அந்த ஆளுக்கு மொட்டையடித்து ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு, பிழை தீர்ந்தது என்று எல்லோரும் சாப்பிடப் போவார்கள். முரசு பிந்தியதற்காக ஏற்கெனவே இரண்டு முரசுக்காரர்கள் அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் மாசாணம். வேலை கிடைத்து, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அவைத்தலைவர் உத்தண்டியார் நாவிதரைக் கையோடு அழைத்து வந்திருந்தார். வெளியே அவருடைய மைத்துனர் முரசுக் கோலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

மந்திரி அரியநாச்சி எழுந்து, மொட்டையடிக்க ஒரு நாழிகை தாமதமானால் முடி ஒன்றும் ஓடிவிடாது, அதற்குள் தான் ஐந்து கேள்வி கேட்டுக்கொள்ளலாமா என்றாள். ஐந்தும் ஒரே கேள்விதான்: ஏன்? ஆனால் ஒரு நிபந்தனை. பதில் சொல்பவர் எந்த ஆளையும் குறிப்பிடக் கூடாது. பெயர், பதவி, உறவுமுறை எதுவும் வரக் கூடாது. வந்தால், கேள்விகள் முடியும்வரை அவர் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.

அரசருக்கு அன்று காலை வேறு வேடிக்கை எதுவும் இல்லை. சம்மதித்தார்.

"முரசு ஏன் பிந்தியது?"

உத்தண்டியார் முந்திக்கொண்டார். "இதில் கேட்க என்ன இருக்கிறது, மாசாணம் தூங்குமூஞ்சி."

அரசர் விரலால் தரையைக் காட்டினார். உத்தண்டியார் தூணைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினார்.

மாசாணம், மாடத்துக் கொடி இறங்கினால்தான் அடிக்க வேண்டும் என்பது சட்டம், இறங்கிய கணமே முரசு முழங்கிவிட்டது என்றான். சரி, கொடி ஏன் பிந்தியது? கொடிக்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினான். முன்முற்றத்தில் ஒரு குறிப்பிட்ட தலை தெரிந்தால் கொடியை இறக்க வேண்டும். தலை தெரியவே இல்லை. சபைக்குள் தும்மல் கேட்டது. பயந்துபோய் இறக்கிவிட்டான்.

"தலை ஏன் முன்முற்றத்தில் வரவில்லை?" என்று மூன்றாவதாகக் கேட்டாள் அரியநாச்சி.

 இதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

"நாச்சியாரே, மயில் ஆள் கணக்கில் வருமா?" என்றார் கடைசியில்.

"பெயர் வைத்திருக்கிறோமா அரசே?"

"இல்லை."

"அப்படியென்றால் சொல்லலாம்."

முன்முற்றத்தில் ஒரு மயில் நிற்கிறது என்றார் அரசர். அது பாயும். அதனால் ஒரு தலை ஒரு மாதமாகச் சமையல்கட்டு வழியாக வந்துகொண்டிருக்கிறது. அங்கே காலையில் மிளகாய் வறுக்கிறார்கள். எதிரி நாட்டுப் படையை மூன்று முறை துரத்தியவர் இதைச் சொல்லி முடித்துவிட்டு மேல்விதானத்தைப் பார்த்தார். ஆள் யார் என்று பதிலில் இல்லாததால் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்க வழியில்லை.

மயில் ஏன் பாய்கிறது? தோட்டக்காரி சொன்னாள்: எல்லாவற்றின் மேலும் பாயாது, பளபளப்பைக் கண்டால் பாயும். விளக்கி வைத்த செப்புக் குடத்தைக் கொத்திக் கொத்தி நெளித்துவிட்டது. உள்ளே இன்னொரு மயில் இருக்கிறதென்று அதற்கு நினைப்பு.

ஐந்தாவது கேள்வி. "கிரீடம் ஏன் அவ்வளவு பளபளக்கிறது?"

உத்தண்டியார் தன் பெருமை வந்துவிட்டதென்று நினைத்தார். "ஒரு மாதமாகத் தினம் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னது நான்தானே. முகமே பார்க்கலாம்."

"நான் என்பது ஓர் ஆள்" என்றாள் அரியநாச்சி.

ஏற்கெனவே ஒரு காலைத் தூக்கியிருந்தவர் மற்றதையும் எப்படித் தூக்குவது என்று யோசித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

நாவிதரை அவர் பக்கம் போகச் சொன்னார் அரசர். அரியநாச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"வேண்டாம் அரசே. இவரை அனுப்பினால், அடுத்து வருபவர் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பார்."

 அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். வேறென்ன வேண்டும் என்று கேட்டார். அக்கரையில் இருக்கும் இருவரையும் திரும்ப அழைத்து, மாசாணத்தோடு முறைவைத்து அடிக்கச் சொன்னால் போதும் என்றாள். சபைவாசல் வரை கிரீடத்துக்கு ஒரு துணி உறை போடுவதென்று முடிவாயிற்று. உறையைக் கழற்றும் வேலை உத்தண்டியாருக்கு. மாசாணம் முரசின் பின்னால் போய், யாருக்கும் தெரியாமல் தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை கொடி இறங்கியது, முரசு முழங்கியது, சபை முழுக்க எழுந்து நின்றது. உத்தண்டியார் வாசலில் உறையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார். அரசர் முன்முற்றத்து மயிலைத் தாண்டி நடந்து வந்து உட்கார்ந்தார். மூடியிருந்த இடது கையைத் திறந்து, மீந்திருந்த நாலைந்து கம்பு மணிகளைச் சிம்மாசனத்துக்குப் பின்னால் உதறிவிட்டு, முதல் வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.