சனிக்கிழமைப் படகு

அந்த ஊருக்குப் படகு சனிக்கிழமைகளில் மட்டும் வரும்.

மடகாஸ்கர் தீவின் கிழக்குப் பகுதியில், கடலிலிருந்து அரைநாள் பயணத் தொலைவில், ஆற்றோரம் இருந்தது அந்த ஊர். தேவாலயம் ஒன்று, விசிறிவாழை ஓலையால் வேய்ந்த பள்ளிக்கூடம் ஒன்று, மருந்து கொடுக்கும் அறை ஒன்று. மூன்றையும் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் செலஸ்தீன். குமரிக் கடற்கரையிலிருந்து வந்து பதின்மூன்று ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர். வயது நாற்பத்திரண்டு.

அவருடைய மாணவருக்கு வயது அறுபத்தைந்து.

மாணவரின் பெயர் யாகப்பன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழிலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நெல்லைச் சீமையிலுள்ள தம் தேவாலயப் பங்கிலிருந்து புறப்பட்ட அறுவர் குழுவோடு, குழந்தைகளிடையே ஒரு மாதம் பணிசெய்ய வந்தார். வந்த அன்றே சிஸ்டர் முன் நின்றார்.

"சிஸ்டர், எனக்குப் பாடம் நடத்தத் தெரியும். பிள்ளைங்களோட இருக்கத் தெரியாது. நீங்கதான் கத்துக்கொடுக்கணும்."

குழுவினர் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு பேன்சீப்பை அவர் கையில் கொடுத்து, முற்றத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகளைக் காட்டினார்.

வரிசையின் கடைசியில் நின்றவள் நிரினா. ஒன்பது வயது. தாய் இல்லை. தந்தை மரம் வெட்டக் காட்டுக்குள் போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். யாகப்பன் அவளுடைய மொழியில் 'குனி' என்று சொல்ல நினைத்து வேறு எதையோ சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் அந்தச் சொல்லைத் திருத்திக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

அன்றுமுதல் அவருக்கு இரண்டு ஆசிரியைகள்.

அவர்கள் மொழியில் சொற்கள் உயிரெழுத்தில்தான் முடியும். எனவே பிள்ளைகளுக்கு அவர் 'சாரு' ஆனார். அது அவருக்குப் பிடித்திருந்தது. அவர்கள் மொழியில் வினைச்சொல்லின் முதலெழுத்தே காலத்தைக் காட்டும் என்று அறிந்தபோது, அன்று முழுவதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம சொல்லுக்கு நடுவுல நிக்கிற காலம், இவங்களுக்கு வாசல்லயே நிக்குது சிஸ்டர்" என்றார்.

"கஞ்சி ஆறுது சார்" என்றார் சிஸ்டர்.

மாதம் முடிந்தது. புறப்படும் நாளில் யாகப்பன் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். 'போய் வருகிறேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அந்த மொழியில் அமைத்திருந்தார். முந்தைய இரவெல்லாம் குறிப்பேட்டைப் புரட்டி அமைத்த வாக்கியம்.

"சரியா?" என்று நிரினாவைக் கேட்டார்.

அவள் பலகையருகே சென்றாள். 'வருகிறேன்' என்ற வினையின் முதலெழுத்தை விரலால் அழித்தாள். வேறோர் எழுத்தை எழுதினாள்.

"இனிமேல் நடக்கப்போவதற்கு இந்த எழுத்து" என்றாள். "இப்போது சரி."

அவர் பூரித்துப்போனார். பிள்ளைகள் எல்லாரும் அந்த வாக்கியத்தைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நிரினா கேட்டாள். சொல்லிக் கொடுத்தார். படகு புறப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இடையில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். மூன்று வாரத்துக்கு மட்டும் மருத்துவர் அனுமதி கொடுத்தார். "இதுவே கடைசிப் பயணமா இருக்கட்டும்" என்றும் சொல்லியிருந்தார்.

படகு கரையை நெருங்கியபோது துறையில் நிரினா நின்றாள். உயர்ந்திருந்தாள். அவள் ஓடி வரவில்லை, வியப்படையவும் இல்லை. சொன்ன நேரத்துக்குப் பிந்தி வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நேரமாகிவிட்டது, சாரு" என்று சொல்லி அவருடைய பையை வாங்கிக்கொண்டாள்.

அந்த மகிழ்ச்சி அவருக்கு மாலைவரை இருந்தது. மாலையில் மருந்தறையில் சிஸ்டர் கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். யாகப்பன் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் வரப்போறத அவகிட்ட முன்னாடியே சொல்லிட்டீங்களா சிஸ்டர்?"

"இல்லயே."

"துறையில நின்னாளே."

"எல்லாச் சனிக்கிழமையும் நிப்பா."

துணி அவர் கையில் நின்றது.

"இழுத்துப் பிடிங்க சார், மடிப்பு கோணுது" என்றார் சிஸ்டர். "போன வருசம் அஞ்சாம் வகுப்பு முடிச்சா. மேல படிக்க இங்க வழியில்ல. ஆத்து வழியா கீழ போனா வர்ற டவுன்ல அவ அத்தை இருக்கா. மடத்துப் பள்ளியில இடமும் வாங்கி வச்சா. இவ போகமாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"சாரு வந்தா நான் எங்கன்னு தேடுவாரேன்னு. ஒரு வருசம் சும்மாவே போச்சு. இந்த வருசமும் போகலன்னா அந்த இடம் வேற பிள்ளைக்கு."

யாகப்பன் மருந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஊரில் கடைக்குப் போகிறவனும் 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்வான். கப்பல் ஏறுகிறவனும் அப்படித்தான் சொல்வான். 'போகிறேன்' என்று மொட்டையாகச் சொன்னால் பெற்றவள் வாயிலேயே அடிப்பாள். மரியாதைக்குச் சொன்ன சொல் அது.

"நீங்களாவது அவகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"என்ன உண்மை? நீங்க வரமாட்டீங்கன்னா? வந்துட்டீங்களே."

அவர் கையிலிருந்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"வருசா வருசம் ஆளுங்க வருவாங்க சார். பாட்டுச் சொல்லிக் கொடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, கையசைச்சுட்டுப் போவாங்க. பிள்ளைங்க ரெண்டு நாள்ல மறந்துரும். நீங்க ஒருத்தர்தான் எழுதி வச்சுட்டுப் போனீங்க. அதுவும் பிழையில்லாம."

மூன்று வாரங்களில் ஒன்று கழிந்தது. நிரினா அவரை விட்டு அகலவில்லை. அவர் பிள்ளைகளுக்கு நகம் வெட்டினால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் சொல்லிக் கொடுத்தால் உச்சரிப்பைத் திருத்தினாள். அவர் மதியம் கண்ணயர்ந்தால் கதவருகே உட்கார்ந்து யாரையும் உள்ளே விடவில்லை. அவர் எழுந்து பார்க்கும்போதெல்லாம் அவள் அங்கே இருந்தாள். அவள் அங்கே இருக்கிறாளா என்று பார்ப்பதற்காகவே அவர் எழுந்துகொள்ளத் தொடங்கியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் அவர் சிஸ்டரிடம் வந்தார்.

"இந்தத் தடவ நான் என்ன சொல்லிட்டுப் போகணும் சிஸ்டர்?"

சிஸ்டர் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிச் சென்றார். வகுப்பு தொடங்க நேரமிருந்தது. ஒரு சுண்ணக்கட்டியை அவரிடம் கொடுத்தார்.

"எழுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

யாகப்பன் 'நான் போகிறேன்' என்று எழுதினார். பார்க்கச் சகிக்கவில்லை, அழித்தார். 'நான் போய் வருகிறேன்' என்று எழுதினார். பொய், அழித்தார். 'நான் போய் வரக்கூடும்' என்று எழுதினார். அது ஆசை காட்டுவது, அழித்தார். 'நான் போய் வர விரும்புகிறேன்' என்று எழுதினார். அது ஒன்றுதான் உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை என்ன செய்யும்? அதையும் அழித்தார்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது பலகை முழுவதும் வெளுத்திருந்தது. அவருடைய சட்டையும் வெளுத்திருந்தது.

"எத்தனை எழுதினீங்க?"

"நாலு. நாலும் சரியில்ல. முதல்ல எழுதிட்டுப் போனேனே, அதத்தான் அழிக்கணும். அத அழிக்க முடியல."

"அந்த வாக்கியத்துல என்ன கோளாறு?"

"பயனிலை பொய்யாப் போச்சு."

சிஸ்டர் பலகையை ஈரத்துணியால் துடைத்தார்.

"பயனிலை நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். "எழுவாய மாத்திப் பாருங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

அந்தச் சொல்லை அவர் மூன்று நாள் மனத்திலேயே சுமந்துகொண்டு திரிந்தார். எழுவாயை மாற்றுவதாவது! நாம் என்று போட்டால் நடவாதது. யாரோ என்று போட்டால் கோழைத்தனம். வியாழக்கிழமை, ஊர் வழியாக நடந்துவந்த ஒருவரிடம் நிரினாவின் அத்தை செய்தி சொல்லி அனுப்பியிருந்தாள். திங்களன்று பள்ளி திறக்கிறது. வருவதானால் இந்தச் சனிக்கிழமைப் படகிலேயே வரவேண்டும்.

யாகப்பன் புறப்பட வேண்டியது அதற்கு அடுத்த சனிக்கிழமை. முதலில் போகிறவள் அவள்.

செய்தியைக் கேட்டபடியே நின்றவர், மெல்லச் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் ஒரு குழந்தையின் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நிரினா சமையற்கூடத்தின் பின்புறம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாகப்பன் எதிரே உட்கார்ந்து தாமும் பொறுக்கினார்.

"நிரினா, அன்று நான் எழுதியதில் ஒரு பிழை இருந்தது."

"இல்லை. நான் திருத்திவிட்டேன்."

"எழுத்தில் இல்லை. எங்கள் ஊரில் புறப்படுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். திரும்பி வருகிறவரும் சொல்வார், வராதவரும் சொல்வார்."

அவள் கை நின்றது.

"அப்படியானால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவள் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். அது கல்தானா, அரிசியா என்று அவர் கேட்கவில்லை.

"நீங்கள் இனி வருவீர்களா?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் சொற்களோடு வாழ்ந்தவருக்கு ஒரு சொல்லைச் சொல்ல நெடுநேரம் ஆயிற்று.

"வரமாட்டேன்."

முதலெழுத்தை அவர் சரியாகவே சொன்னார். அவள் திருத்தவில்லை. அதன்பின் இருவரும் வெகுநேரம் கல் பொறுக்கினார்கள். முறத்தில் கல்லே இல்லாமல் போன பிறகும் பொறுக்கினார்கள்.

"அத்தை வீட்டுப் பள்ளியில் எல்லாக் கணக்கும் பிரெஞ்சு மொழியில் போடுவார்களாம்" என்றாள் அவள்.

"நீ மூன்று மாதத்தில் அவர்களைத் திருத்திவிடுவாய்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னைப் படகேற்றிவிட வருவீர்களா?"

"வருவேன்."

அவள் அவருடைய வாயைக் கூர்ந்து பார்த்தாள்.

"எந்த எழுத்து?"

"இனிமேல் நடக்கப்போவதற்கான எழுத்து."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே தூறல். துறையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். நிரினாவிடம் ஒரு பாய்ச்சுருள், ஒரு பை. பையில் அந்தப் பழைய நோட்டு இருந்தது. சிஸ்டர் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். படகுக்காரர் அவசரப்படுத்தினார்.

படகில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"சாரு, உங்கள் ஊருக்கும் படகு வருமா?"

"பஸ் வரும்."

"எப்போது? சனிக்கிழமையா?"

"தினமும் வரும். ஒரு நாளைக்கு நான்கு முறை."

அவள் யோசித்தாள். அவளுடைய முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"அப்படியானால் நீங்கள் நிறைய நிற்கவேண்டியிருக்கும்" என்றாள்.

ஏறி உட்கார்ந்தாள். படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளினார். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கேட்டு வாங்கிய தமிழை அவள் எடுத்தாள்.

"போயிட்டு வாறேன், சாரு."

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

இதற்குச் சொல்லவேண்டிய மறுமொழி ஒன்றே ஒன்று. அதைக் கரையில் இருப்பவர்தான் சொல்லவேண்டும். யாகப்பன் இரண்டு முறை வாயைத் திறந்தார். மூன்றாம் முறை சொல் வந்தது.

"போயிட்டு வா, தாயி."

படகு நடு ஆற்றுக்குப் போயிற்று. பாய்ச்சுருள் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. வழியனுப்ப வந்தவர்கள் தலையில் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு கலைந்து போனார்கள். யாகப்பன் நின்றார். தூறல் மழையாயிற்று. அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஆறு மட்டுமே இருந்தது.

"சிஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"அவ வருவாளா?"

"இதே கேள்வியத்தான் இவ்வளவு நாளும் அவ எங்கிட்டக் கேட்டா. எல்லாச் சனிக்கிழமையும். இதே இடத்துல நின்னு."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

சிஸ்டர் குடையை விரித்தார். பாதியை அவர் பக்கம் சாய்த்தார்.

"ஒண்ணும் சொல்லமாட்டேன் சார். பக்கத்துல நிப்பேன்."