நால்வரம்மன் நோன்பு

முன்னொரு காலத்தில் வேம்பூர் நாட்டைக் கோச்சாத்தன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். வரி வாங்கும்போது இரக்கமே பார்க்காதவன், பந்தியில் மட்டும் தாயைப் போல உருகுவான். பொங்கல் விருந்தில் அவனே கரண்டி பிடித்து, அவையோர் இலைகளில் சர்க்கரைப் பொங்கல் போடுவான். அரசன் கையால் போட்டதை மறுத்தால் தண்டனை என்று சட்டமும் இருந்தது.

இந்த அன்பில் வசமாக மாட்டிக்கொண்டவர் அமைச்சர் காரியார். அவருக்கு நீரிழிவு. போன பொங்கலுக்கு, மறுக்கப் பயந்து போட்டதையெல்லாம் தின்றார். இடது காலில் வந்த புண் ஆறவேயில்லை. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. "இன்னொரு முறை இப்படித் தின்றால் பாதமே போய்விடும்" என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

இது உபசாரத் தலைவர் தேனப்பருக்கு நன்றாகத் தெரியும். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். பொங்கலன்று அரசன் காதைக் கடித்தார்: "காரியார் இன்று தங்கள் பொங்கலைத் தொடமாட்டாராம்."

அரசன் கரண்டியோடு அமைச்சர் முன்னால் வந்து நின்றான்.

"வேண்டாம் அரசே. காலில் புண்."

"பொங்கலைக் காலாலா சாப்பிடப் போகிறீர்?"

அவை விழுந்து விழுந்து சிரித்தது. அரசன் தும்மினாலும் சிரிக்கிற அவை அது.

"வைத்தியர் சொல்லியிருக்கிறார்..."

"வைத்தியரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஒரே ஒரு கரண்டி!"

"நல்ல நாளும் அதுவுமாக நோயைப் பற்றிப் பேசலாமா?" என்று குழைந்தார் தேனப்பர். "நெய் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லட்டுமா?"

காரியார் பந்தியை ஒரு பார்வை பார்த்தார். எதிரே சேனாபதி உப்பில்லாத சோறு தின்றுகொண்டிருந்தார். ஏதோ வேண்டுதலாம். அவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உப்புக் கிண்ணம்கூட அவரைச் சுற்றிக்கொண்டுதான் போனது.

அமைச்சர் கைகூப்பினார். "மறைத்துவிட்டேன் அரசே. நான் நால்வரம்மன் நோன்பில் இருக்கிறேன்."

கரண்டி சட்டென்று பின்வாங்கியது. "அடடா, முன்பே சொல்லக்கூடாதா?"

"உடன்பிறந்தவர்கள் ஐவர், அரசே. ஒரே வரிசையில் நிற்பார்கள். போன பொங்கலுக்கு இனிப்புப் படைத்ததில் கடைக்குட்டி போய்விட்டாள். மறுபடியும் படைத்தால் மற்ற நால்வரும் போய்விடுவார்கள். அப்புறம் நான் எழுந்து நிற்கவே முடியாது."

பந்தி முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அமைச்சருக்கு இத்தனை மரியாதையா? தேனப்பருக்குப் பொறுக்கவில்லை. "இவர் நேற்று வந்த பக்தர், அரசே! நால்வரம்மன் எங்கள் குலதெய்வம். விடியற்காலையில் கனவில் வந்து, என் கையால் தண்ணீர் வார்க்கச் சொன்னாள்."

"அப்படியா! கோயில் எங்கே? இப்போதே கும்பிட வேண்டும்."

தேனப்பர் ஒரு கையால் கிழக்கையும் மறு கையால் மேற்கையும் காட்டினார். காரியார் இடது காலை நீட்டி, கட்டை அவிழ்த்தார். நான்கு விரல்கள், ஐந்தாவது இருந்த இடத்தில் ஆறாத புண்.

"கோயில் இதுதான், அரசே."

அரசன் முகம் சிவந்தது. "என்னையே ஏமாற்றினீரா?"

"நான் சொன்னதில் எது பொய்? எண்ணிப் பாருங்கள். காலில் புண் என்றேன், சிரித்தீர்கள். அம்மன் என்றேன், கரண்டி பின்வாங்கியது. தங்களுக்காக ஊர் ஊராக நடந்த கால் இது. முகம் தெரியாத சாமிக்குக் கொடுத்த மரியாதையில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால், நான் எதற்கு அம்மனைத் தேடுகிறேன்?"

அரசன் குனிந்து விரல்களை எண்ணிப் பார்த்தான். பிறகு திரும்பினான்.

"தேனப்பரே, உம் குலதெய்வம் நேரில் வந்திருக்கிறாள். கனவில் கேட்ட தண்ணீரை வாரும். புண் ஆறும்வரை தினமும் கழுவிக் கட்டுவது உம் வேலை. இனிப்பும் உம் வாயில் படக்கூடாது."

தேனப்பர் செம்போடு குனிந்தார்.

"மெதுவாக வாரும், ஐயா," என்றார் காரியார். "அம்மனுக்குக் கூச்சம் அதிகம்."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான். சட்டம் அன்றே ஒழிந்தது. கேழ்வரகுக் களியும் கீரையுமாகத் தனிப் பந்தி ஒன்று போட்டார்கள். வேண்டியவர்கள் அங்கே உட்காரலாம் என்று அறிவித்தார்கள். முதலில் அரண்மனைக் கணக்கர் நழுவி வந்தார். பின்னால் இரண்டு புலவர்கள். கடைசியாக வந்தவன் கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

"கொஞ்சம் தள்ளி உட்காரும், காரியாரே," என்று கிசுகிசுத்தான். "எனக்கும் கொஞ்ச நாளாகப் பாதம் எரிகிறது."