முந்திச் சிரிக்கிற பிள்ளை

“உங்க எருமை என் மானத்தை வாங்கிடுச்சும்மா” என்றார் மாதையன் வாத்தியார்.

வந்ததும் வராததுமாகச் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பூங்காவனம் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அவர் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வரைகிறவர். அதற்கு முன்னால் லாரிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். வாத்தியாரைவிடப் பதினான்கு வயது இளையவர். ஆனாலும் வாத்தியாருக்கு அவர்தான் குரு. இருபத்தாறு வருடம் பிரம்பை நம்பிய மனுஷனைச் சிரிப்பை நம்ப வைத்தவர் வேறு யாராக இருக்க முடியும்?

“எந்த எருமை?”

“முடி வெட்டிக்கப் போச்சே, அந்த எருமை.”

அது பூங்காவனத்தின் புத்தகம். ஒரு எருமை சலூனுக்குப் போகும். போர்த்திவிட்ட துண்டைத் தின்னும். பவுடரையும் தின்னும். கடைசியில் கண்ணாடியைப் பார்க்கும். அங்கே வேறொரு எருமை காத்திருக்கிறது என்று நினைத்து, “அண்ணே, நீங்க முதல்ல வெட்டிக்கோங்க” என்று எழுந்து இடம் விடும்.

“பிள்ளைங்க சிரிக்கலையா?”

“உருண்டு உருண்டு சிரிக்குதுங்க. எருமை அடுத்து என்ன பண்ணுதுன்னு பாக்கிற ஆசையிலேயே இருபது பேரும் வாசிக்கப் பழகிட்டாங்க. இவ ஒருத்தியைத் தவிர.”

அப்போதுதான் பூங்காவனம் பார்த்தார். வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் ஆறு வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

“பேர் என்ன கண்ணு?”

“அஞ்சலை.”

“வாய் இருக்கு” என்றார் பூங்காவனம்.

“பேருக்குத்தான் இருக்கு. கரும்பலகைக்குக் கூப்பிட்டா அந்த வாய் திறக்காது. கையில புத்தகம் குடுத்தா அதை ஒழுங்காப் பிடிக்கக்கூடத் தெரியலை. பத்து மாசமாச்சும்மா.”

“இன்னும் பத்து மாசம் பாருங்களேன்.”

“நாள் இல்லை.”

வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது.

“இவ அப்பா நாளைக்குச் செங்கல் சூளைக்குக் கிளம்புறார். ‘பாப்பாவுக்குப் படிப்பு வருதுன்னா அத்தை வீட்டுல விட்டுட்டுப் போறேன். வரலைன்னா கூட்டிட்டுப் போறேன், அங்க தம்பியையாவது பாத்துக்குவா. நீங்க சொல்றதுதான் சார்’ங்கிறார். பொழுது சாயறதுக்குள்ள நான் சொல்லியாகணும்.”

“என்ன சொல்லப் போறீங்க?”

வாத்தியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் காலையிலேயே சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

“சரி, இவ சிரிக்கவாவது சிரிக்கிறாளா?”

“அந்தக் கொடுமையை ஏன் கேக்கறீங்க! இடம் தெரியாமச் சிரிக்கிறா. நான் வரியை வாசிக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டேன், இவ சிரிச்சிடறா. மத்த பிள்ளைங்க இவளை லூசுங்குதுங்க.”

“படத்தைப் பாத்திருப்பா.”

“படத்தைக் கையால மூடிக்குவேன். வாசிச்ச பிறகுதான் திறப்பேன்.”

பூங்காவனம் அஞ்சலையின் கண்ணைக் கூர்ந்து பார்த்தார்.

“எங்க உட்கார வைப்பீங்க?”

“முன்னாடிதான். படிப்பு ஏறாததுங்களை அங்கதானே வைப்போம்? நான் தரையில உட்காருவேன். நடுவுல ஒரு பெட்டி. பெட்டி மேல புத்தகம். அந்தப் பக்கம், எனக்கு நேரெதிரே இவ.”

பூங்காவனம் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு புதுப் புத்தகம் இருந்தது. பெயிண்டு வாசம் அடித்தது.

“இன்னும் அச்சுக்குப் போகலை. என்னைத் தவிர யாரும் பாத்ததில்லை.”

ஒரு பெயிண்டு டின்னைக் கவிழ்த்தார். அதன்மேல் புத்தகத்தைத் தனக்கு நேராக விரித்தார். அஞ்சலையை எதிரே உட்கார வைத்தார். படத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

பிறகு வாசிக்கவே இல்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

அஞ்சலை களுக்கென்று சிரித்தாள்.

“பாத்தீங்களா! இதைத்தான் சொன்னேன். சும்மாவே சிரிக்கிறா.”

பூங்காவனம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏன் கண்ணு சிரிச்சே?”

அஞ்சலை வாத்தியாரை ஒரு தடவை பயந்து பார்த்தாள். “ஆடு பஸ் டிக்கெட்டைத் தின்னுடுச்சு. செக்கர் கேட்டதுக்கு வாயைத் திறந்து காட்டுது.”

பூங்காவனம் கையை எடுத்தார்.

படத்தில் ஒரு பஸ். பஸ்ஸுக்குள் ஒரு ஆடு. அது வாயைப் பிளந்து செக்கருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. “இவளுக்கு எப்படி...”

பூங்காவனம் புத்தகத்தை அஞ்சலைக்கு நேராகத் திருப்பி அவள் கையில் கொடுத்தார். “இந்தா, மிச்சத்தை நீயே வாசி.”

அஞ்சலை வாங்கினாள். வாங்கியவுடன் அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

வாத்தியாரின் கை தானாக நீண்டது. பத்து மாதமாக அவர் நூறு தடவை செய்த வேலை. புத்தகத்தை நேராக்கிக் கொடுக்கப் போனார்.

பூங்காவனம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

அஞ்சலை விரலை வைத்தாள். விரல் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாக நகர்ந்தது. ஒரு வரி முடிந்ததும் மேலே இருந்த வரிக்கு ஏறியது.

“செக்கர்... தலையில்... கை... வைத்தார். சரி... இறங்கும்போது... துப்பிவிட்டுப்... போ... என்றார்.”

சொல்லிவிட்டு, துப்பப் போகிற ஆட்டை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாத்தியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். இவ்வளவு சின்ன விஷயம் பத்து மாதமாக அவர் புத்தியில் உறைக்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

“யாரும்மா உனக்கு இப்படி வாசிக்கச் சொல்லிக் குடுத்தது?”

அஞ்சலைக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. சார் விளையாடுகிறார் என்று நினைத்தாள்.

“நீங்கதான் சார். தெனமும் காட்டுவீங்களே.”

பூங்காவனம் தூரிகையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார். “புத்தகத்தைக் கொண்டு போங்க சார். நான் வேற வரைஞ்சுக்கறேன். பொழுது சாயப் போகுது.”

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் குனிந்து கேட்டார்.

“அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீயே வாசிச்சுக் காட்டுறியா?”

அஞ்சலை ஆட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நான் வாசிக்கிறேன். அப்பாவை எதிர்ல உக்காரச் சொல்லுங்க சார்.”