சென்னியப்பனின் கால்கள்

அமராவதிக் கரையில் ஒரு மடம் இருந்தது. சீடர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில்தான் படுக்க வேண்டும், பாயோடு பாய் ஒட்டி. தனி அறை குருவுக்கு மட்டும்.

சென்னியப்பன் அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. காலமெல்லாம் கரூருக்கும் தாராபுரத்துக்கும் பஸ் ஓட்டியவர். மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். குரு அவரைவிட வயதில் நன்றாக இளையவர். அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரைச் சாமி என்பார். அதில் யாருக்கும் சங்கடமில்லை.

சங்கடமெல்லாம் சென்னியப்பனின் கால்களால்தான். படுத்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போலிருக்கும். எழுந்து நடந்தால் நிற்கும். படுத்தால் மறுபடி ஊரும். எப்படியோ கண் அசந்துவிட்டால் கால் தானாக உதைக்கும். பக்கத்தில் படுத்தவர் பாடு திண்டாட்டம்.

"என்னங்ணா, நேத்து அத்தனை பிரேக்கு? ஆடு குறுக்க வந்துருச்சுங்களா?" என்பான் பக்கத்துப் பாயில் படுக்கும் மயில்சாமி.

சிரிப்பாகத்தான் தொடங்கியது. பிறகு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெடல் மிதித்த பழக்கம் என்றார் ஒருவர். பித்ரு தோஷம் என்றார் இன்னொருவர். "மனசு இங்க வந்துருச்சு, காலு இன்னும் வீட்டுக்குப் போகப் பாக்குது" என்றார் நாச்சிமுத்து, எல்லாம் தெரிந்தவர் போல. அந்தப் பேச்சுத்தான் சென்னியப்பனைத் தைத்தது.

காலை அடக்க விரதம் தொடங்கினார். வாரத்தில் பாதி நாள் பட்டினி. பசித்தால் வரக்காப்பி. கால்கள் முன்னைவிட மோசமாக உதைத்தன. ஆகவே விரதத்தைக் கூட்டினார். நல்ல மனிதர்களுக்கு இந்தக் கோணல் புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ!

கூடத்தில் பாய்கள் மெல்ல மெல்ல விலகின. கடைசியில் அவரைச் சுற்றி வெறும் தரைதான் மிஞ்சியது.

ஒருநாள் குரு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சென்னியப்பனுக்குப் பக்கத்தில் விரித்தார்.

"ரூம்ல புழுக்கமா இருக்குது" என்றார்.

மார்கழி மாதத்தில் என்ன புழுக்கமோ. யாரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து ஆற்றில் குளிக்கும்போது, குருவின் காலில் அங்கங்கே கன்றிப் போயிருந்ததைச் சென்னியப்பன் பார்த்தார். ஈர வேட்டியைக்கூடப் பிழியாமல் கரையேறினார். பையைக் கட்டிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் கெளம்பறேனுங்க சாமி."

"எங்க?"

"குருவை ஒதைச்ச பாவி எங்க போனா என்னங்க? விரதமும் இருந்து பாத்துட்டேன். எந்த ஜென்மத்துப் பாவமோ!"

"ஒதை வாங்குனது யாரு?"

"நீங்கதானுங்க."

"அப்பப் பாவமா இல்லையான்னு நாந்தான சொல்லோணும்? இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

வந்தார். குரு அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"ராத்திரி எந்திரிச்சு நடந்துட்டு வந்து படுத்தா உங்களுக்கு மூச்சு எரைக்குது. படி ஏறுனாலும் வாங்குதுங்களா?"

"வாங்குதுங்க. வயசாச்சுங்களே."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சாமி, நான் ஆத்மாவைப் பத்திக் கேக்கறேன்."

"அதுவும் நம்ம கூடவே வரட்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நடங்க."

டாக்டரம்மா ஒன்றொன்றாகக் கேட்டார். என்ன சாப்பாடு, எத்தனை காப்பி, என்ன மாத்திரை என்று எல்லாம் கேட்டார். பஸ் ஓட்டிய நாளிலிருந்து முதுகு வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதைச் சென்னியப்பன் அப்போதுதான் சொன்னார். பிறகு ரத்தத்தைப் பார்த்தார்கள், வயிற்றையும் பார்த்தார்கள்.

அந்த மாத்திரைகளால் வயிற்றில் புண். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"கால் தவிக்கறதுக்குப் பல காரணம் இருக்குமுங்க. உங்களுக்கு ரத்தத்துல இரும்புச்சத்து வத்திப்போச்சு, அதான்" என்றார் டாக்டரம்மா. "இதுல பட்டினி வேற! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆளையே பாத்திருக்க முடியாது. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தாங்க."

பழைய மாத்திரையும் விரதமும் நின்றன; மருந்து தொடங்கியது. பங்குனி பிறந்தபோது சென்னியப்பனின் முகத்தில் ரத்தம் ஓடியது. கால்கள் அடங்கித் தூங்கின. குரு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டார். "இப்பல்லாம் பஸ்ஸே ஓடறதில்லைங்களேண்ணா" என்று மயில்சாமிதான் குறைபட்டுக்கொண்டான்.

ஒரு காலையில் சென்னியப்பன் குருவின் காலில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. வெட்கப்படாமல் அழுதார்.

"வயித்துல இருந்தப்ப எங்கம்மாளை ஒதைச்சிருப்பேன். அவ பொறுத்துக்கிட்டா. அதுக்கப்பறம் நீங்கதானுங்க சாமி. நான் என்ன செய்யோணும்னு சொல்லுங்க. உசுரைக் கேட்டாலும் தர்றேன்."

"அது போகக்கூடாதுன்னுதான் அத்தனை ஒதை வாங்குனது. எந்திரிங்கண்ணா."

எழுந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரு கேட்டார்.

"புதுசா ஒருத்தர் வந்திருக்காரே, தூக்கத்துல கத்தறாராமா?"

"ஆமாங்க சாமி. அலறறாருங்க. கூடத்துல ஒருத்தருக்கும் தூக்கமில்லை. எல்லாரும் பாயைத் தள்ளிப் போட்டுட்டாங்க."

"நீங்க?"

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எதுனால கத்தறாருங்க சாமி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் தெரியலைங்கண்ணா" என்றார் குரு. "பக்கத்துல படுத்தாத்தான் தெரியும்."