வெளியே பார்க்கும் நாற்காலிகள்

ஜெசிந்தா வீட்டுக்குள் கையை விட்டாள். சிவசைலம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கை கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் போனது. சுட்டுவிரல் அடுப்பின் விளிம்பைத் தடவிப் பார்த்தது. அடுப்புக்குப் பக்கத்தில் பற்பசை மூடியில் செய்த வாளி. அதன் மேல் படாமல் கை வளைந்து திரும்பியது.

"விடுங்க சார்" என்றாள்.

"எதை?"

"மூச்சை. நான் ஒண்ணையும் ஒடைக்க மாட்டேன்."

சிவசைலம் மூச்சை விட்டார். ஆனால் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசை மேல் நின்ற அந்தப் பொம்மை வீட்டின் இரண்டு பக்கங்களிலும் கைகளை ஊன்றி, யாரோ தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்பதுபோல நின்றார்.

அது அவர் குடியிருக்கும் வீடுதான். அடிக்கு அங்குலம் என்று குறுக்கிச் செய்திருந்தார். வேலை பார்த்த காலம் முழுவதும் சர்வேயராக நிலம் அளந்தவர் என்பதால் அளவில் பிசகு கிடையாது. கூடம், சமையலறை, இரண்டு அறைகள். ஐஸ் குச்சியில் ஜன்னல், பட்டனைக் குமிழாக வைத்த அலமாரி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தினசரி நாள்காட்டி. முன்பக்கச் சுவர் மட்டும் கிடையாது. பொம்மை வீட்டில் அந்த வழியாகத்தான் கண்ணும் கையும் உள்ளே போகவேண்டும்.

ஜெசிந்தாவுக்கு அவர் வயதில் பாதிதான். பாளையங்கோட்டையில் ஒரு லேபில் பொய்ப்பல் செய்கிறாள். பொம்மை வீடு அவளுக்கு ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. மனைவி இறந்த பிறகு சிவசைலம் ஞாயிறு தவறாமல் அவள் வீட்டுக்குப் போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டார். பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார் என்றாள் அவள். இரண்டு பேருமே மாறவில்லை.

இன்றைக்கு அவர்தான் போன் செய்து அவளை வரவழைத்திருந்தார்.

"வீடு முடிஞ்சிட்டு டீச்சர். ஆனா என்னமோ சரியில்ல. ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு. வந்து பாத்துச் சொல்லுங்க."

உள்ளறையில் அலமாரிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஒரு பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டு, மறுபடி இழுபட்டது.

"வீட்டுல யாரு சார்?"

"மக. ஆவுடை."

"எப்ப வந்தாங்க?"

"ஒரு வாரம் ஆச்சு. கிளம்புதா. மாப்பிள்ளை கார் எடுத்துட்டு வாறார். இப்ப வந்திருவார்."

"சொல்லவே இல்லையே. என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. சும்மா, வீட்டைப் பாக்கணும்னு வந்தா."

இதைச் சொல்லும்போது அவர் மேசை மேல் இருந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடை முன்கூட்டிச் சொல்லாமல் வந்தாள். ஒரே ஒரு பை. வந்த அன்று சாயங்காலம் இந்த மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா" என்றாள். அவர் ஜன்னலுக்குத் திரை ஒட்டிக்கொண்டிருந்தார். "வெளிச்சத்தை மறைக்காதம்மா" என்றார். நகர்ந்து நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அவரும் பேசாமல் இல்லை. அவள் கழுவிக் கவிழ்த்த தட்டைப் பார்த்துக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க" என்றாள். கேட்ட அளவுக்குப் பதில் வந்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஒரு நாள் சமையலறையில் மூடி ஒன்று கீழே விழுந்தது. ஆவுடை இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். பிறகு, தலைமுடியைச் சரிசெய்வதுபோலக் கைகளை இறக்கினாள். சிவசைலம் பார்த்தார். இன்னொரு நாள் காற்றில் கதவு அடித்தது. அன்றைக்கும் பார்த்தார். பார்த்துவிட்டு, கூர்மையாக இருந்த பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். மரியாதையான குரல். "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போயிருதேன் மாமா. உங்களுக்கும் சிரமம்." சரி மாப்பிள்ளை என்று சொல்லி வைத்த பிறகுதான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. பையை எடுத்து வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

"குறையைச் சொல்லட்டுமா சார்?" என்றாள் ஜெசிந்தா.

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"கூடத்துல ரெண்டு நாற்காலி போட்டிருக்கீங்க. ரெண்டும் எங்க பாக்குது?"

"நம்மளை."

"உள் ரூம்ல இருக்கிற நாற்காலி?"

சிவசைலம் குனிந்து பார்த்தார். "அதுவும் நம்மளைத்தான்."

"கட்டிலுக்குத் தலைமாடு அந்தப் பக்கம். படுத்திருக்கிறவங்களும் நம்மளைத்தான் பாப்பாங்க. எல்லாரும் வெளியே பாத்துக்கிட்டு இருக்காங்க சார், போட்டோவுக்கு நிக்கிற மாதிரி."

"நாலு பேரு வந்து பாக்கிற வீடு டீச்சர். முதுகைக் காட்டிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"பாக்கிறவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

அவள் பையிலிருந்து மெல்லிய எஃகுக் கத்தி ஒன்றை எடுத்தாள். மெழுகுப் பல் செதுக்குகிற கத்தி. சிவசைலத்தின் கைகள் வீட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தன.

"லேபுக்குப் புதுசா வாற பிள்ளைங்க எல்லாம் மொதல் பல் செட்டை எப்படிச் செய்யும் தெரியுமா? முன்னால நின்னு பாத்துக்கிட்டே செய்யும். வரிசை அவ்வளவு அழகா இருக்கும். வாங்கிட்டுப் போறவங்க கண்ணாடியில சிரிச்சுப் பாத்துட்டு சந்தோஷமாப் போவாங்க. மறுநாளே திரும்பி வருவாங்க."

"ஏன்?"

"சிரிக்க முடியுது, ஒரு வாய் சோறு மெல்ல முடியலம்பாங்க. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒண்ணை ஒண்ணு தொடாது சார். ரெண்டும் வெளியே பாத்துக்கிட்டு இருக்கும்."

சிவசைலம் சிரிக்க முயன்றார். உள்ளறையில் சத்தம் நின்றிருந்தது.

"அப்ப அந்த நாற்காலியைத் திருப்பி வைங்க" என்றார்.

"நீங்க திருப்புங்க."

"ஒட்டிட்டேனே."

"எதுக்கு?"

"அசையக் கூடாதுல்லா."

ஜெசிந்தா கத்தி முனையைக் கூடத்து நாற்காலி ஒன்றின் காலுக்கும் தரைக்கும் நடுவே செருகினாள். மெதுவாக நெம்பினாள். பசை இளகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"டீச்சர், பாத்து. ஒடிஞ்சிரப் போகுது."

"ஒடியலாம்."

"டீச்சர், வேண்டாம். விட்டிருங்க. அப்படியே இருந்துட்டுப் போட்டும்."

டப்பென்று ஒரு சத்தம். நாற்காலி பெயர்ந்தது; ஒரு கால் ஒடிந்து பறந்தது. சிவசைலம் பதறிக் கையை நீட்டியதில் மேசை விளிம்பில் இருந்த தண்ணீர்ச் செம்பு தட்டுப்பட்டுத் தரையில் விழுந்து உருண்டது.

ஆவுடை அறை வாசலில் நின்றாள். இரண்டு கைகளும் தலை மேல் இருந்தன.

செம்பு உருண்டு உருண்டு சுவரில் முட்டி நின்றது. மூன்று பேரும் அசையவில்லை. பிறகு ஆவுடை முடியை ஒதுக்கிக்கொண்டே கைகளை இறக்கினாள்.

இந்த முறை சிவசைலத்தின் கையில் சீவுவதற்குப் பென்சில் எதுவும் இல்லை.

"செம்புதாம்மா. வேற ஒண்ணுமில்ல" என்றாள் ஜெசிந்தா. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "நான் ஜெசிந்தா. உங்க அப்பாவுக்கு இந்தக் கெட்ட பழக்கத்தைச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

"சொல்லியிருக்காங்க. பல்லு டீச்சர்" என்றாள் ஆவுடை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, லேசாகச் சிரித்தாள்.

"வாங்க. ஒரு சந்தேகம், நீங்கதான் தீர்த்து வைக்கணும். இந்த நாற்காலி எங்க பாத்து இருக்கணும்?"

ஆவுடை மேசைக்கு வந்தாள். குனிந்து வீட்டுக்குள் பார்த்தாள். ஒரு வாரமாக அதே கூடத்தில் நடமாடியும் அவள் இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்க்கவில்லை என்பது சிவசைலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது அம்மா நாற்காலியா?"

"ஆமா" என்றார்.

"அது இப்படி இருக்காதே. சமையக்கட்டு நிலைக்கு நேரே திருப்பிப் போட்டிருப்பா. அடுப்புல ஒரு கண்ணு, அப்பா மேல ஒரு கண்ணு. பேசிக்கிட்டே இருப்பா." ஜெசிந்தாவிடம் திரும்பினாள். "அப்பா ம் கொட்டிக்கிட்டே இருப்பாங்க. நடுவுல ம் நின்னா, என்ன சொன்னேன் சொல்லுங்க பாப்போம்னு கேப்பா. அப்பா முழிப்பாங்க."

"முழிக்கதெல்லாம் இல்ல" என்றார் சிவசைலம்.

"சொல்லுங்க அப்ப, ஒரு நாளாவது சரியாச் சொல்லியிருக்கீங்களா?"

அவர் முழித்தார்.

ஜெசிந்தா மூன்று கால் நாற்காலியை ஆவுடையின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் அதைச் சமையலறை நிலைக்கு நேராக, சுவரில் சாய்த்து நிற்கும்படி வைத்தாள். முன்னால் நிற்பவர்களுக்கு இப்போது அதன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அந்த இன்னொண்ணு?" என்றாள் ஜெசிந்தா.

"அது அப்பாவோடது" என்றாள் ஆவுடை. அதை அவள் தொடவில்லை. "பையை மூடணும். கார் வந்துட்டா காத்து நிக்கப் பிடிக்காது அவங்களுக்கு."

உள்ளே போய்விட்டாள்.

சிவசைலம் நின்ற இடத்திலேயே நின்றார். கைகள் இன்னும் வீட்டைப் பிடித்திருந்தன. அவற்றை எடுத்தார். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நீங்க பாத்தீங்கள்ளா டீச்சர்?" என்றார், மெல்ல.

"பாத்தேன்."

"நானும் பாத்தேன். வந்ததுலேருந்து பாக்கேன்."

ஜெசிந்தா கத்தியைத் துணியில் துடைத்தாள்.

"தெரியாத மாதிரி இருந்தா சரியாப் போயிரும்னு..." அவர் முடிக்கவில்லை. "மாப்பிள்ளை மரியாதையான ஆளு டீச்சர். இந்தத் தெருவுல வந்து யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

"தெருவைக் கேட்டு எனக்கு என்ன ஆகணும் சார்?"

தூரத்தில் ஒரு கார் திரும்பும் சத்தம் கேட்டது. இருவரும் காதைத் தீட்டினார்கள். கார் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

சிவசைலம் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அவகிட்ட என்ன கேக்கன்னு தெரியல. ஒரு வாரமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேக்கேன். எல்லாத்துக்கும் பதில் சொல்லுதா. நான் என்னத்தைக் கேக்கட்டும் டீச்சர்?"

ஜெசிந்தா ஒடிந்த காலைத் தேடித் தரையில் குனிந்திருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"உங்களுக்குப் பதில் தெரியாத எதையாவது கேளுங்க சார்."

சிவசைலம் உள்ளறைக்குப் போனார்.

ஆவுடை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பை மூடியிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்தார். முட்டி வலித்தது. உட்கார்ந்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க அவர் தலையை உயர்த்த வேண்டியிருந்தது.

"போகணும்னு இருக்கா உனக்கு?"

ஆவுடை அவரையே பார்த்தாள். உதடு பிரிந்தது. பையின் வாரை விரலில் சுற்றினாள். சுற்றியதை அவிழ்த்தாள்.

"அப்பா..." என்றாள்.

வாசலில் கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சிவசைலமும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போனார். ஜெசிந்தா கையில் அந்தச் சின்னக் காலோடு வழிவிட்டு ஒதுங்கினாள். கார்க் கண்ணாடி இறங்குவது தெரிந்தது. "மாமா" என்று மரியாதையாக ஒரு குரல் கூப்பிட்டது.

சிவசைலம் கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாளைப் போட்டார். கீழ்த் தாழ்ப்பாளையும் குனிந்து போட்டுவிட்டு வந்து, ஆவுடைக்கு முன்னால் மறுபடி தரையில் உட்கார்ந்தார்.