ஐந்தாவது ஆள்

சங்கையாவின் தொண்டைக்குள் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டெல்லாம் நிரம்பி, படியில் நாலு பேர் தொங்குகிற பஸ்.

நத்தம் ரோட்டில் பதினெட்டு வருஷம் தனியார் பஸ் கண்டக்டர். இறங்க வேண்டிய ஊரில் தூங்கிவிட்டு அடுத்த ஊரில் சண்டைக்கு வருகிறவர், போனில் பெண்டாட்டியிடம் கெஞ்சுகிற புதுமாப்பிள்ளை, கூடையை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சத்திரப்பட்டியில் ஏறியதிலிருந்து மாட்டுத்தாவணி வரை கத்திக்கொண்டே வருகிற கீரைக்காரம்மா. எல்லார் குரலும் அவருக்கு அத்துப்படி. வாயைத் திறந்தால் ஆள் அப்படியே வந்து நிற்கும்.

முழங்கால் போன பிறகு கம்பெனி அவரை மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு அறையில் உட்கார வைத்தது. ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. வண்டி வந்தால் நேரம் எழுத வேண்டும். வண்டி பேசாது.

"டிகிரி முடிங்க, ஆபீசுக்குள்ள போட்டுர்றேன்" என்றார் மேனேஜர்.

"உள்ள எத்தனை பேர் சார் இருக்காங்க?"

"பதினோரு பேர். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன் சார்."

நாற்பத்தைந்தாவது வயதில் மாலை நேர பி.காம் சேர்ந்தார். எல்லாத் தாளும் ஒப்பேறிவிட்டது, வணிகப் புள்ளியியல் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. இது மூன்றாவது தடவை. இதிலும் போனால் மொத்தப் படிப்பும் காலாவதி. அந்தப் பதினோரு பேரும் காலாவதி.

பாடம் எடுத்தவர் நிலோஃபர். கௌரவ விரிவுரையாளர், வயது இருபத்தெட்டு. கரும்பலகையில் ஒரு எண்ணை எழுதிவிட்டு, அது ஓடிப்போய்விடுமோ என்பதுபோலக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதையும் சங்கையா செய்து காட்டுவார்.

"அங்கிள், அங்கிள், மேடம் மாதிரி இன்னொரு தடவை!" வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மணி அடித்ததும் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து டீக்கடைக்குப் போய்விடும். அங்கிள் டிபன் பாக்ஸைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருப்பார், மெதுவாக. யாராவது திரும்பிப் பார்த்தால் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா.

அந்தப் பருவத்துக்கு நிலோஃபர் கொடுத்த வேலை இது: பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் நாற்பது பேரிடம் ஒரு படிவம் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். ஐந்தே கேள்விகள். எந்த ஊர்? எத்தனை நிமிடமாக நிற்கிறீர்கள்? வாரத்தில் எத்தனை நாள்? கூட எத்தனை பேர்? காத்திருந்தபோது யாராவது உங்களோடு பேசினார்களா?

"அஞ்சாவது ஆள், அடுத்து பத்தாவது ஆள், இப்படித்தான் போகணும். சிரிச்ச முகமாப் பாத்து ஆள் பிடிக்கக் கூடாது. படிவம் வராதவங்களுக்கு ஹால் டிக்கெட் வராது."

சங்கையா அன்றைக்கே போனார். ஐந்தாவது ஆளை எண்ணிப் பிடித்தார். "சார், ஒரு நிமிஷம்..." என்றார். அந்த சார் அவரைத் தாண்டி, அவர் நின்ற இடம் வெறும் காற்று என்பதுபோல நடந்து போனார். அந்த பஸ் ஸ்டாண்டில் "முன்னாடி போங்க" என்று அவர் சொன்னால் அறுபது பேர் முன்னாடி போவார்கள். அப்போது காக்கிச் சட்டை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து நாற்பதையும் அவரே நிரப்பினார். நாலு நிறத்தில் பேனா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல், ஒரு கையெழுத்து. தேங்காய் வியாபாரிக்கு இடது கை. குரல் வந்தால்தான் கையெழுத்து வந்தது, அதனால் சத்தமாகவே பேசிப் பேசி எழுதினார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "என்ன சங்கையா, வீடு நெறைய விருந்தாளியா? ஒரே சத்தமாக் கெடக்கு?"

"ஆமாண்ணே. இப்பத்தான் கெளம்பினாங்க."

திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் நிலோஃபர் அவரைத் துறை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் அவர் கொடுத்திருந்த படிவக் கட்டு.

"உக்காருங்கண்ணே. இந்த மூணாம் நம்பர் யாரு?"

"நத்தத்துக்காரர் மேடம். தேங்கா யாவாரி." சொன்னதுதான் தாமதம், ஆள் வந்துவிட்டார். "'எம்புட்டு நேரமா நிக்கிறேனாக்கும்? வரும்போது நெழலு அங்ஙன கெடந்துச்சு, இப்ப இங்ஙன கெடக்கு. படிச்ச ஆளு, நீயே கணக்குப் போட்டுக்கய்யா!'"

நிலோஃபர் சிரித்துவிட்டார். "பன்னெண்டு?"

"காலேஜ் பொண்ணு. 'அங்கிள், சார்ஜ் ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு, அது சாகறதுக்குள்ள கேட்டுருங்க ப்ளீஸ்!'"

"இருபத்தேழு?"

"கீரைக்காரம்மா. 'ஏ, கூடைய மிதிக்காம நின்னு கேளு. பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது, அதை மிதிச்சா ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போகும்!'"

நிலோஃபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு பதிவேட்டை இழுத்து, சங்கையா பெயருக்கு நேரே, எத்தனை பேர் என்ற கட்டத்தில் எழுதினார். மாதிரி அளவு: 1.

"மேடம், நாற்பது."

"எண்ணிட்டேண்ணே."

"நாற்பது படிவம் இருக்குல்ல?"

"படிவம் நாற்பது இருக்கு. பதில் சொன்னது ஒரு ஆளு."

சங்கையா தன் நாலு பேனாவும் சட்டைப் பையில் வரிசையாக நிற்பதைக் கவனித்தார். மெதுவாகப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"கையெழுத்துல மாட்டிக்கிட்டேனா மேடம்?"

"கையெழுத்து அபாரம். அஞ்சாவது கேள்வியப் பாருங்க."

பார்த்தார். காத்திருந்தபோது யாராவது பேசினார்களா? ஆம். ஆம். ஆம். இடது கையில் கோணலாக ஒரு ஆம், பச்சை மையில் ஒரு ஆம். நாற்பதும் ஆம். எழுதும்போது அது கண்ணில் படவே இல்லை.

"நாற்பது பேர்கிட்டயும் யாரோ பேசியிருக்காங்க" என்றார் நிலோஃபர். "அந்த பஸ் ஸ்டாண்ட் எங்கண்ணே இருக்கு? சொன்னீங்கன்னா நானும் போய் நிப்பேன்."

சங்கையாவுக்கு ரோஷம் வந்தது. "மேடம், தப்புதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். பதினெட்டு வருஷம் இந்தச் சனத்தோடதான் கெடந்தேன். இவங்க வாயத் தொறக்க முன்னாடியே என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச ஆளுககிட்ட எதுக்கு மேடம் போய்க் கேக்கணும்?"

நிலோஃபர் புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"என்னைத் தெரியுமாண்ணே உங்களுக்கு?"

"என்ன மேடம், ரெண்டு வருஷமா..."

"என்னை மாதிரியும் பேசுவீங்களாமே."

சங்கையா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல. என்னை மாதிரியே பேசிக்கிட்டு, எனக்குப் பதிலா இதை நிரப்பிக் குடுங்க."

சங்கையா கனைத்தார். கழுத்தைச் சற்றே சாய்த்தார். "'ஸ்டூடன்ட்ஸ், சராசரிங்கிறது வெறும் நம்பர்தான். புரியுதா? புரியலைன்னா வெக்கப்படாமக் கேளுங்க.'" குரல் அச்சு அசலாக வந்தது. வந்த குரலோடு எழுதினார். ஊர்: மதுரை. நிமிடம்: ஐந்து. நாள்: எப்போதாவது, ஸ்கூட்டி ரிப்பேர் ஆனால். கூட: தங்கச்சி. யாராவது பேசினார்களா: ஆம்.

நிலோஃபர் அதை வாங்கிப் படித்தார். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே தன் பேனாவால் ஏதோ எழுதினார். எழுதும்போது உதடு அசையவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

கொட்டாம்பட்டி. ஐம்பத்தைந்து. ஐந்து நாள். யாருமில்லை. இல்லை.

சங்கையா இரண்டு வரிசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கொட்டாம்பட்டியா மேடம்? தெனமுமா?"

"தெனமும்."

என் அறைக்கு நேர் எதிர் பிளாட்பாரத்தில்தானே அந்த வண்டி நிற்கும் என்று சொல்ல வாயெடுத்தார். எந்தக் குரலில் சொல்வது என்று தெரியவில்லை. அவர் எழுதுவது வண்டி வருகிற நேரத்தை மட்டும்தான்.

நிலோஃபர் நாற்பது வெற்றுப் படிவங்களை எண்ணிக் கொடுத்தார். "வியாழக்கிழமை கடைசி நாள். அஞ்சாவது ஆள்ண்ணே. நாலாவதும் இல்ல, ஆறாவதும் இல்ல."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நோட்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு சங்கையா பிளாட்பாரத்தில் இறங்கினார்.

ஐந்தாவது ஆள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவே இல்லை. ஈ ஓட்டுவதுபோலக் கையை ஆட்டினார். பத்தாவது ஒரு பெண்மணி. "இன்சூரன்ஸா? எங்க வீட்டுல எல்லாருக்கும் போட்டாச்சு." பதினைந்தாவது ஆள் படிவத்தை வாங்கி, அதால் விசிறிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். வண்டி வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார். இருபத்தாறாவது ஆள் தானாகவே சிரித்தார். "என்னண்ணே, கையில பேப்பரு? சும்மா கேளுங்க, நானும் சும்மாதானே நிக்கிறேன்?"

இருபத்தாறு. சங்கையா அந்த முகத்தைப் பார்த்தார். நடையைக் கட்டினார்.

முப்பதாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

வாய் திறக்காதவர்களின் படிவத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கை பழக்கத்தில் நேரத்தைக் குறித்தார். பேசவில்லை, 3.10. பேசவில்லை, 3.25, மஞ்சள் சேலை. பேசவில்லை, 3.40, கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கவர்.

புதன்கிழமை எண்ணிக்கொண்டே போனபோது ஐந்தாவது ஆளாக கீரைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். தூணுக்குப் பின்னால், காலிக் கூடையை மடியில் கவிழ்த்துக்கொண்டு. சங்கையாவுக்குப் பாதி உயிர் வந்தது. அந்தக் குரலுக்காகக் காதைத் தயாராக வைத்துக்கொண்டு குனிந்தார்.

"அக்கா, எம்புட்டு நேரமா உக்காந்திருக்கீக?"

"தெரியலய்யா."

அந்தக் குரல் இல்லை. இது தரையை ஒட்டி வந்தது, இன்னும் குனிந்தால்தான் கேட்டது.

"யாராச்சும் உங்ககிட்ட பேசினாகளா அக்கா?"

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்டயா?"

"ஆமா."

"என்னத்தப் பேசப் போறாக. வண்டியில ஏறினாத்தான் கத்துவேன். கத்தினாத்தான கூடைக்கு எடம் விடுவாக. இங்கிட்டு என்ன பேச்சு."

சங்கையா எழுதினார். இல்லை. பேனாவை மூடிவிட்டுக் கேட்டார், அது படிவத்தில் இல்லாத கேள்வி: "அக்கா, என்னையத் தெரியலையா? கண்டக்டர் சங்கையா."

"எந்த வண்டி?"

சொன்னார். அந்தம்மா யோசித்துப் பார்த்தார், மனசாரத்தான் யோசித்தார். "காக்கிச் சட்ட நெனப்பிருக்கு. மொகம் பிடிபடலயே அய்யா."

வண்டி வந்தது. அந்தம்மா ஏறினார். உள்ளேயிருந்து பழைய குரல் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது: "ஏ, கூடைய மிதிக்காதீக!" பிளாட்பாரத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சங்கையா பத்தாவது ஆளைத் தேடிப் போனார்.

வியாழக்கிழமை துறை அறையில் இரண்டு கட்டுகளாக வைத்தார். ஒன்று மெலிசு, ஒன்று தடிமன். மெலிசை முன்னால் தள்ளினார்.

"ஒன்பது தேறிருச்சு மேடம். நெசமான ஒன்பது. இது மிச்சம் முப்பத்தொண்ணு, வேஸ்ட்டாப் போச்சு. இன்னும் ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா..."

"இன்னைக்குத்தாண்ணே கடைசி."

"அப்ப ஹால் டிக்கெட்?"

நிலோஃபர் மெலிசான கட்டைப் படித்தார். அதை வைத்துவிட்டுத் தடித்த கட்டை எடுத்தார். அதையும் படித்தார், ஒவ்வொரு தாளாக. வெற்றுத் தாளைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று சங்கையா நினைத்ததில்லை. பேசவில்லை, 3.25, மஞ்சள் சேலை. பேசவில்லை, 4.05, தூக்கம். பேசவில்லை, 4.20, அழுதிருக்கலாம்.

பிறகு இரண்டு கட்டின் ரப்பர் பேண்டையும் கழற்றினார். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, மேஜையில் தட்டி ஓரம் சேர்த்து, ஒரே கட்டாகப் போட்டார். பதிவேட்டில் பழைய எண்ணை அடித்தார்.

"மாதிரி அளவு சொல்லுங்கண்ணே."

"ஒன்பது மேடம்."

நிலோஃபர் எழுதினார். 40.

சங்கையா எட்டிப் பார்த்தார். "மேடம், என்னை பாஸாக்கணும்னு நீங்க பொய்யா எழுத வேணாம். முப்பத்தோரு பேர் வாயே தொறக்கலையே."

நிலோஃபர் பேனாவை மூடினார்.

"தொறக்கல. ஆனா அவங்களும் அங்கதானேண்ணே நின்னாங்க?"