திறக்குமுன் அடைபட்ட மதகு

கொண்டலேரியைப் பார்த்திருக்கிறீர்களா? இக்கரையில் கறுப்பாகக் கிளம்பும் காக்கை அக்கரை சேர்கையில் நரைத்திருக்கும். பொய்யென்றால் காக்கையையே கேளுங்கள்.

அந்த ஏரிக்கரையில் ஒரு மடம். குரு திலகவதி அம்மை. சீடர் குலசேகரம் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் தாடி அவரைவிட மூத்தது.

இரண்டு ஊர்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது மடத்தின் பொறுப்பு. மதகு திறந்த நேரத்தையும் அடைத்த நேரத்தையும் ஒரு லினக்ஸ் கணினி தானாகவே குறித்துக்கொள்ளும். கணினி குலசேகரத்தின் வசம். மதகுச் சாவி, அதைத் திறந்து அடைக்கும் பேச்சிமுத்துவின் வசம்.

ஒருநாள் காலை, இரண்டு ஊரும் பார்க்க அந்தச் சாவியைப் பிடுங்கித் தம் இடுப்பில் செருகிக்கொண்டு குலசேகரம் குருவிடம் வந்தார். பின்னாலேயே பேச்சிமுத்து.

“அம்மா, இவனை வேலையை விட்டு நிறுத்தணும். திறந்த நேரத்துக்கு முன்னாடியே அடைச்ச நேரம் பதிவாகியிருக்கு. திருட்டுத் தண்ணி விட்டுட்டுக் கணினியிலே கை வச்சிருக்கான்.”

“நானா சாமி? ஆயுத பூசைக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைக்கிறதோட சரி. அதுவும் தள்ளி நின்னுதான்!”

“அப்போ கணினி பொய் சொல்லுதா?”

குரு எழுந்து மரத்தடிக்குப் போனார். ஓர் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றி மரக்கிளையில் தொங்கவிட்டார். சமையல்காரர், தோட்டக்காரர், வாசல் பெருக்கும் செல்லாயி, பேச்சிமுத்து நால்வரையும் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். ஒவ்வொருவர் காதிலும் ஏதோ முணுமுணுத்தார்.

“இனி சொட்டுக்கு ஒண்ணா மனசுக்குள்ளே எண்ணுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “எவ்வளவு?” என்றார்.

“முப்பது” என்றார்கள் மூன்று பேர்.

“ஆயிரத்து முப்பது” என்றார் சமையல்காரர்.

குலசேகரம் சிரித்தார். “சமையல்காரர் தூங்கிட்டார், அம்மா.”

“ஒரு சொட்டு விடலை சாமி! ஆயிரத்துக்கு மேலே எண்ணுன்னு அம்மாதான் காதிலே சொன்னாங்க.”

சிரிப்பு பாதியில் நின்றது.

“உங்க கணினிக்குள்ளே எண்ணுறவங்க எத்தனை பேர்?” என்று கேட்டார் குரு.

“பிராசஸர்ல நாலு கோர், அம்மா. ஒவ்வொண்ணுக்கும் தனி எண்ணிக்கை. அந்த நேரத்துக்கு வேலையை எது எடுக்குதோ, அது சொல்றதுதான் நேரம்.”

“அவங்களை எழுப்பிக் காதிலே சொல்றது லினக்ஸா?”

“இல்லை. அதுக்கு முன்னாடியே மதர்போர்டுல இருக்கிற பயாஸ்ங்கிற நிரல் எழுந்துடும். அதுதான் ஒரு கோரை மட்டும் முந்தி எண்ண வச்சிருக்கு. அது திறந்ததைக் குறிச்சு, மத்தது அடைச்சதைக் குறிச்சா...”

“லினக்ஸ் கவனிக்கலையா?”

குலசேகரம் தாடியைச் சொறிந்தார்.

“கவனிச்சுது. ‘பயாஸ் கோளாறு, எண்ணிக்கை ஒத்துவரலை, இந்தக் கடிகாரத்தை நம்ப மாட்டேன்’னு பூட் ஆகும்போதே சொல்லுச்சு. வேற கடிகாரத்துக்கு மாறிக்கிச்சு. அதுகிட்டே நேரம் கேட்டா பதில் வர ரொம்ப மெதுவு.”

“அதனால?”

“‘பழைய கடிகாரத்தையே நம்பு’ன்னு ஒரு வரி எழுதி வச்சேன்.”

யாரும் நிறுத்தச் சொல்லாததால் பேச்சிமுத்து கண்ணைத் திறக்காமல் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

குலசேகரம் எழுந்து போனார். அந்த வரியை அழித்தார். பயாஸின் புதுப் பதிப்பை ஏற்றினார். நாலு கோரும் ஒரே நேரத்தைச் சொல்லின. பெருமையோடு திரும்பி வந்தார். சாவி இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

“சரியாயிடுச்சு, அம்மா.”

“சாவி?”

குலசேகரம் கரைப் பக்கம் பார்த்தார். இரண்டு ஊர்க்காரர்களும் இன்னும் கலையவில்லை.

“இத்தனை பேர் முன்னாடி எப்படி... நாளைக்குக் கொடுத்துடறேன்.”

குரு பானையைக் கிளையிலிருந்து இறக்கினார்.

“எந்தக் கடிகாரத்துப்படி நாளைக்கு?”